செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கிட்டார்: பாகங்கள் அசல்தானா என்று படிப்படியாகச் சரிபார்ப்பது எப்படி

"எல்லாமே ஒரிஜினல்" என்று விற்பவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பல நேரங்களில் அவர் அந்தக் கிட்டாரின் மூன்றாவது உரிமையாளராகவோ நான்காவது உரிமையாளராகவோ இருப்பார். தனக்கு முன்னால் யார் எதைக் கழற்றினார்கள் என்பது அவருக்கே தெரியாது. அதனால் கேள்வியை அவரிடம் கேட்பதைவிடக் கிட்டாரிடம் கேட்பது நல்லது.

இதை முதல்முறை செய்பவர்களோடு பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் தடுமாறுவது அறிவுக் குறைவால் அல்ல, வரிசை தவறுவதால். எடுத்த எடுப்பில் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்து, பிக்கார்டைத் (பாடியின் முன்பக்கத்தை மூடும் தகடு) திறந்து, உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் நிற்பார்கள். கீழே உள்ள வரிசை கருவி தேவைப்படாத வேலையில் தொடங்கிக் கழற்ற வேண்டிய வேலையில் முடிகிறது. பாதிக் கிட்டார்களுக்கு நான்காம் படியிலேயே பதில் கிடைத்துவிடும்.

முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல கேமரா உள்ள போன், சிறிய டார்ச், மில்லிமீட்டர் குறித்த ஸ்கேல், மல்டிமீட்டர், கிட்டார் கேபிள் ஒன்று. ஸ்டார் தலை ஸ்க்ரூடிரைவரில் இரண்டு அளவுகள் வேண்டும், ஏனென்றால் பிக்கார்டு ஸ்க்ரூவுக்கும் நெக் (பாடியிலிருந்து நீளும் கழுத்துப் பகுதி) ஸ்க்ரூவுக்கும் ஒரே முனை பொருந்தாது. பொருந்தாத முனையால் திருகினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கும். அப்புறம் அடுத்து வாங்குபவர் "இதை யாரோ திறந்திருக்கிறார்கள்" என்று உங்கள் கைவேலையைத்தான் சந்தேகிப்பார். ஸ்க்ரூக்களைப் பிரித்துப் போட மூன்று நான்கு சிறு கிண்ணங்கள், புதிய ஸ்ட்ரிங் ஒரு செட், ஒரு நோட்டு. புற ஊதா டார்ச் இருந்தால் கொண்டு போங்கள், இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், "கழற்றிப் பார்க்கலாமா?" என்று விற்பவரிடம் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். எதுவரை திறக்கலாம் என்பதையும் பேசிவிடுங்கள்.

1. என்ன இருக்க வேண்டும் என்று முதலில் எழுதுங்கள்

கிட்டாரைக் கையில் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. அந்த மாடலுக்கு, அந்த ஆண்டில், கம்பெனி என்ன பாகங்களைப் பொருத்தி அனுப்பியது? ட்யூனர் (ஸ்ட்ரிங்கை முறுக்கும் திருகு) எந்த வகை, பிரிட்ஜ் (பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பாகம்) எந்த வகை, பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தப் பாகம்) எத்தனை, எந்த அமைப்பு, நாப் (வால்யூம், டோன் திருகும் குமிழ்) எந்த வடிவம், பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்ச் எத்தனை நிலை, ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) எத்தனை? அந்த ஆண்டின் விற்பனைக் கேட்டலாக்கிலும் கம்பெனியின் பழைய விவரப் பக்கங்களிலும் இவை கிடைக்கும்.

இந்தப் பட்டியல் இல்லாமல் போனால் இரண்டு பக்கமும் தவறு நடக்கும். ஐபனெஸின் ஜெம் வரிசை 1987-இல் வந்தபோதே டிமார்ஸியோ பிக்கப்களோடுதான் வந்தது. இது தெரியாதவர் பிக்கப்பில் வேறு கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் "மாற்றிவிட்டார்கள்" என்று ஒதுக்கிவிடுவார். எதிர்ப்பக்கம், ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1977 வரை மூன்று நிலை ஸ்விட்சோடுதான் வந்தது. 1965-ஆம் ஆண்டுக் கிட்டாரில் ஐந்து நிலை ஸ்விட்ச் இருந்தால் அது பின்னால் வைத்தது. வெளியிலிருந்தே, எதையும் தொடாமலே தெரிந்துவிடும்.

2. சீரியல் எண்ணைப் படியுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள்

கிப்ஸனில் 1977 முதல் 2005-இன் நடுப்பகுதி வரை வழக்கமான மாடல்களுக்கு எட்டு இலக்க எண். முதல் இலக்கமும் ஐந்தாம் இலக்கமும் சேர்ந்தால் ஆண்டு. இடையில் உள்ள மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. எடுத்துக்காட்டாக 80123512 என்றால் 1983, 12-ஆம் நாள், அதாவது ஜனவரி 12. நடு மூன்று இலக்கம் 366-ஐத் தாண்டினால் அந்த எண்ணைச் சந்தேகியுங்கள். லெஸ் பால் கிளாசிக் போன்ற சில மாடல்கள் இந்த முறையில் வராது, அதையும் முதல் படியிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபெண்டரில் 1976 வரை எண் பின்புறத்து நெக் பிளேட்டில் இருந்தது, பிறகு ஹெட்ஸ்டாக்குக்கு (ட்யூனர்கள் இருக்கும் நெக்கின் தலைப்பகுதி) மாறியது. அமெரிக்கத் தயாரிப்பில் 'எஸ்' என்று தொடங்கினால் எழுபதுகள், 'ஈ' எண்பதுகள், 'என்' தொண்ணூறுகள், 'இசட்' 2000-க்குப் பிந்தைய பத்தாண்டு. எழுத்துக்கு அடுத்த இலக்கம் ஆண்டைக் காட்டும். எண்பதுகளில் இது துல்லியமாக இல்லை. 'ஈ4' என்று தொடங்கும் எண்கள் 1984-க்குப் பிறகும் பல ஆண்டுகள் வந்தன.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். நெக் பிளேட் என்பது நான்கு ஸ்க்ரூவில் கழன்று வரும் ஓர் உலோகத் துண்டு. அதில் உள்ள எண் அந்தத் துண்டின் வயதைத்தான் சொல்கிறது. ஹெட்ஸ்டாக்கில் உள்ள எண்ணும் அப்படித்தான், அது நெக்கின் வயது. பாடி வேறு கிட்டாரிலிருந்து வந்திருக்கலாம். எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, மற்ற பாகங்கள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதுதான் மீதி வேலை முழுவதும்.

3. மரத்தில் உள்ள தடயங்களைத் தேடுங்கள்

இந்த முறை முழுவதற்கும் இதுவே அடிப்படை. பாகத்தை யாரும் மாற்றலாம், அசலைப் போலவே செய்த பாகமும் கடையில் கிடைக்கும். மரத்தில் போட்ட துளையை மட்டும் இல்லாமல் ஆக்க முடியாது. அடைக்கலாம், மறைக்கலாம், ஆனால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் அடைத்த இடம் தெரியும்.

ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்தில் தொடங்குங்கள். ட்யூனரைச் சுற்றி வேறு வடிவத்தில் ஒரு நிழல் தெரிகிறதா? பழைய ட்யூனர் மூடியிருந்த இடத்தில் வார்னிஷ் வெளிச்சம் படாமல் நிறம் மாறாமல் இருக்கும், சில நேரம் விளிம்பு அழுந்தியும் இருக்கும். ட்யூனருக்குப் பக்கத்தில் பயன்படாத சிறு துளை இருந்தால் வேறு வகை ட்யூனர் ஒரு காலத்தில் இருந்தது என்று பொருள். ட்யூனர் அசலாகத் தெரிந்து, துளை மட்டும் கூடுதலாக இருந்தால் இன்னும் கவனியுங்கள். யாரோ மாற்றி, பிறகு விற்பதற்காகப் பழைய வகையைத் திரும்ப வைத்திருக்கிறார்கள். பழைய பாணி ட்யூனருக்கான துளை ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர், இன்றைய வகைக்கு 10 மில்லிமீட்டர். முன்பக்கத்தில் ட்யூனரின் உலோக வளையம் ஆடினாலோ, அளவைக் குறைக்கும் ஒட்டு வளையம் இருந்தாலோ துளையைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

அடுத்து பிரிட்ஜ். கிப்ஸன் பாணிக் கிட்டாரில் பழைய ஏபிஆர்-1 பிரிட்ஜின் மெல்லிய தண்டு நேராக மரத்துக்குள் இறங்கும். நாஷ்வில் வகைக்கு மரத்தில் பெரிய உலோகக் குழல் பதிந்திருக்கும். முதல் வகை வர வேண்டிய கிட்டாரில் குழல் இருந்தால் மரத்தைத் துளைத்துவிட்டார்கள், பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. டெயில்பீஸுக்கும் (ஸ்ட்ரிங்கின் அடிமுனையைப் பிடிக்கும் பாகம்) பாடியின் கீழ் முனைக்கும் இடையே அடைத்த துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கே ஒரு காலத்தில் விப்ராட்டோ (சுருதியை அசைக்கும் கைப்பிடி அமைப்பு) இருந்திருக்கும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பிரிட்ஜை ஆறு ஸ்க்ரூக்கள் தாங்குகின்றனவா, இரண்டு தண்டுகளா என்று எண்ணுங்கள். பழைய வடிவம் ஆறு. இரண்டு தண்டு அமைப்பு எண்பதுகளின் பிற்பகுதியில் ஃபெண்டரின் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் மாடலோடு பரவியது. இரண்டு தண்டுள்ள பிரிட்ஜின் பக்கத்தில் அடைத்த துளைகள் தெரிந்தால் மாற்றம் உறுதி.

பிக்கார்டின் ஓரத்தையும் பாருங்கள். ஸ்க்ரூ இல்லாத துளை, பிக்கார்டின் விளிம்புக்கு வெளியே நிறம் வேறான கோடு, இரண்டுமே அது வேறு பிக்கார்டு என்பதற்கான அடையாளம்.

4. கழற்றாமலே மல்டிமீட்டரால் பிக்கப்பை அளவிடுங்கள்

கிட்டாரில் கேபிளைச் செருகுங்கள். மறுமுனையை ஆம்ப்ளிஃபையரில் செருகாமல், மீட்டரின் ஒரு முனையைக் கேபிளின் நுனியிலும் மற்றொன்றை அதன் தண்டிலும் வையுங்கள். மீட்டர் 20 கிலோ ஓம் அளவில் இருக்கட்டும். வால்யூம், டோன் இரண்டும் 10-இல். வால்யூமைக் குறைத்து வைத்துக்கொண்டு "பிக்கப் செத்துவிட்டது" என்று பயந்தவர்கள் பலர். வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால் மீட்டரும் ஏறத்தாழ பூஜ்யத்தைத்தான் காட்டும்.

ஸ்விட்சை ஒவ்வொரு தனிப் பிக்கப்புக்கும் நகர்த்தி எழுதிக்கொள்ளுங்கள். பழைய பாணி ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்கப் பொதுவாக 5.5 முதல் 6.5 கிலோ ஓம் வரை, பழைய பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) 7 முதல் 9 வரை. இடை நிலைகளில் இரண்டு பிக்கப் இணையாக வேலை செய்வதால் அளவு பாதியாகத் தெரியும், அது கோளாறு அல்ல. கூடவே, வால்யூம் பாட் (நாபுக்கு அடியில் மின்தடையை மாற்றும் பாகம்) வழியாகவும் கொஞ்சம் மின்னோட்டம் போவதால் உண்மை அளவைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். 8 கிலோ ஓம் பிக்கப், 500 கிலோ ஓம் பாட்டோடு 7.87 என்று காட்டும்.

இங்கே எண்ணின் துல்லியத்துக்காகச் சண்டை போட வேண்டாம். தாமிரத்தின் மின்தடை 10 டிகிரி வெப்பம் கூடினால் சுமார் 4 சதவீதம் ஏறும். கேட்டலாக்கில் 7.8 என்று இருந்து மீட்டர் 7.6 காட்டினால் கவலையில்லை. 7.8 இருக்க வேண்டிய இடத்தில் 14 காட்டினால் அது வேறு பிக்கப். ஒரு பிக்கப் மட்டும் அளவில் விலகி நின்றாலும் அதை மட்டும் மாற்றியிருக்கலாம், அல்லது மறுபடி சுற்றியிருக்கலாம். கிட்டாரில் பேட்டரி இருந்தால் இந்த அளவீடு எதையும் சொல்லாது.

வால்யூம் பாட்டின் மதிப்பையும் இதே கேபிள் வழியாகக் கண்டுபிடிக்கலாம். மீட்டரை 200 கிலோ ஓம் அளவுக்கு மாற்றி, ஒரு பிக்கப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, வால்யூமை 10-இலிருந்து மெதுவாகக் குறையுங்கள். அளவு ஏறி, ஓர் உச்சத்தைத் தொட்டு, இறங்கும். வழக்கமான வயரிங்கில் அந்த உச்சம் பாட்டின் மதிப்பில் கால் பங்கு. சுமார் 125 வந்தால் 500 கிலோ ஓம் பாட், 62 அல்லது 64 வந்தால் 250. பாட்களில் 10, 20 சதவீத வித்தியாசம் சாதாரணம். ஆனால் 250 வர வேண்டியதில் 500 வந்தால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் ஒரு ஸ்க்ரூகூடத் திருகாமல்.

5. நாபும் ஸ்க்ரூவும்

சிறிய படி, ஐந்து நிமிடம் போதும். நாப் தளர்ந்து ஆடுகிறதா, அல்லது பாதி வரைதான் இறங்கியிருக்கிறதா? அமெரிக்கக் கிட்டார்களில் அதிகம் வரும் சிடிஎஸ் கம்பெனிப் பாட்டின் தண்டில் 24 பற்கள், ஆசியத் தயாரிப்புகளில் அதிகம் வரும் மெட்ரிக் பாட்டில் 18 பற்கள். ஒன்றின் நாப் மற்றதில் சரியாக உட்காராது. உட்காராத நாப் என்றால் நாபோ பாட்டோ, இரண்டில் ஒன்று பின்னால் வந்தது.

ஸ்க்ரூக்களை வரிசையாகப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி மங்கியிருக்க வேண்டும். பதினொன்றில் இரண்டு மட்டும் பளபளத்தால் அந்தப் பகுதிக்குள்தான் வேலை நடந்திருக்கிறது. எல்லாமே புதிதாக இருந்தால் துருப்பிடித்து மாற்றியிருக்கலாம், அதற்காகக் கிட்டாரை ஒதுக்க வேண்டாம்.

6. இப்போது திறங்கள்

ஸ்ட்ரிங்கைத் தளர்த்துங்கள். பின்மூடி உள்ள கிட்டாரில் இதுகூடத் தேவையில்லை. திறப்பதற்கு முன் ஒரு படம், திறந்த உடனே ஒரு படம், எதையும் நகர்த்துவதற்கு முன். வயர்கள் இருந்த நிலை மறுபடி கிடைக்காது.

முதலில் பார்க்க வேண்டியது சால்டர், அதாவது வயரைப் பற்ற வைத்த ஈயம். தொழிற்சாலையில் ஒரே கை, ஒரே சூட்டில் வைத்த சால்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். பின்னால் வைத்தது தனியாகத் தெரியும்: பழைய சால்டரின் மேல் இன்னொரு அடுக்கு, சூட்டில் சுருங்கிய வயர் உறை, பழுப்பு நிறப் பிசின் கறை, பாட்டின் முதுகில் சுரண்டிய தடம். நடுவில் வெட்டி ஒட்டி டேப் சுற்றிய வயர் இருந்தால் பிக்கப் மாறியிருக்க அதிக வாய்ப்பு.

ஆனால் ஒரு சால்டரைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அவுட்புட் ஜாக்கின் வயர் அறுந்து, யாராவது திரும்பப் பற்ற வைப்பது எல்லாக் கிட்டாருக்கும் நடப்பது. ஜாக்கில் புதிய சால்டர் என்பது பழுதுபார்ப்பு. பிக்கப் வயர் பாட்டில் சேரும் இடத்தில் புதிய சால்டர் என்பதற்குத்தான் விளக்கம் வேண்டும்.

7. பாட்டின் முதுகில் உள்ள எண்

பழைய அமெரிக்கப் பாட்களின் உறையில் ஆறு அல்லது ஏழு இலக்கம் அச்சாகியிருக்கும். முதல் மூன்று தயாரிப்பாளர்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலாப். கடைசி இரண்டு இலக்கம் ஆண்டின் எத்தனையாவது வாரம். நடுவில் இருப்பது ஆண்டு. 1377633 என்றால் சிடிஎஸ், 1976, 33-ஆம் வாரம். ஆறு இலக்க எண்ணில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான். அந்த முறை ஐம்பதுகளின் பிற்பகுதிக்கு முந்தையது.

கடைசி இரண்டு இலக்கம் 53-ஐத் தாண்டினால் நீங்கள் படிப்பது தேதி எண் அல்ல, வேறு ஏதோ பாக எண். டார்ச் அடித்து மறுபடி தேடுங்கள். சால்டருக்கு அடியில் ஓர் இலக்கம் மறைந்திருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், சுரண்ட வேண்டாம். பக்கத்துப் பாட்டில் அதே எண் முழுதாக இருக்கும்.

இந்தத் தேதியின் பொருள் ஒன்றே ஒன்று: கிட்டார் இதற்கு முன் செய்யப்பட்டிருக்க முடியாது, பாட் அசலாக இருந்தால். கிட்டாரைவிடப் பாட் சில மாதம் முந்தையதாக இருப்பது இயல்பு. ஃபெண்டர் 1966-இல் பெரும் எண்ணிக்கையில் பாட்களை வாங்கிக் குவித்ததால் 1969-ஆம் ஆண்டுக் கிட்டாரில்கூட 1966 பாட் வரும். அது குறை அல்ல. கிட்டாரைவிடப் பாட் பிந்தையதாக இருந்தால் மட்டும் அது மாற்றியது.

ஆசியத் தயாரிப்புப் பாட்களில் பொதுவாக இந்த எண்முறை இருக்காது. அங்கே வேறு சாட்சி இருக்கிறது: துளை. மெட்ரிக் பாட்டின் கழுத்து 7 அல்லது 8 மில்லிமீட்டர், சிடிஎஸ் பாட்டின் கழுத்து 9.5 மில்லிமீட்டர். "தரம் உயர்த்த" சிடிஎஸ் வைப்பவர்கள் துளையைப் பெரிதாக்குவார்கள், விளிம்பில் புதிய மரமோ பிசிறோ தெரியும்.

8. பிக்கப்பின் அடிப்பக்கம்

மேலே உள்ள மூடியை நம்பாதீர்கள், பிக்கப்பைத் திருப்பிப் பாருங்கள். மாற்றுப் பிக்கப் செய்பவர்கள் பலர் பெயரை அடியில்தான் அச்சிடுவார்கள். ஃபெண்டர் சில காலங்களில் தேதியைக் கையால் எழுதியோ முத்திரை குத்தியோ அனுப்பியது. வயரின் வகையையும் கவனியுங்கள். துணி உறை வயர் வர வேண்டிய கிட்டாரில் நான்கு நிற பிளாஸ்டிக் வயர் வந்தால் அது பிற்காலத்துப் பிக்கப்.

கிப்ஸன் ஹம்பக்கரில் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், அதே போன்ற ஸ்டிக்கர்கள் அச்சாகி விற்கின்றன. அறுபதுகளில் வந்த காப்புரிமை எண் ஸ்டிக்கரில் 2,737,842 என்று இருக்கும். அது உண்மையில் டெயில்பீஸ் ஒன்றுக்கான காப்புரிமை எண், பிக்கப்புக்கானது அல்ல. இதைத் தேடிப் பார்த்துவிட்டு "போலி" என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. அந்தத் தவறு அசலிலேயே இருக்கிறது.

9. நெக்கைக் கழற்றலாமா?

ஸ்க்ரூவில் நிற்கும் நெக் என்றால் மட்டும், அதுவும் இதுவரை வந்த சான்றுகள் முரண்பட்டால் மட்டும். எல்லாம் ஒத்துப்போனால் இந்தப் படியை விட்டுவிடுங்கள். ஆனால் விலை அதிகமுள்ள பழைய கிட்டாரில் இது தவிர்க்க முடியாதது, ஏனென்றால் நெக்கின் அடிக்கட்டையில்தான் தேதி இருக்கும். ஃபெண்டரில் முதலில் பென்சிலில் எழுதினார்கள், 1962 முதல் முத்திரை குத்தினார்கள். அந்த முத்திரையின் கடைசியில் வரும் எழுத்து நட்டின் (ஹெட்ஸ்டாக்குக்குக் கீழே ஸ்ட்ரிங் உட்காரும் துண்டு) அகலத்தைக் குறிப்பது.

ஸ்ட்ரிங் முழுவதையும் எடுத்துவிட்டு, பாடியைக் கவிழ்த்து மென்மையான துணியில் வைத்து, நெக்கைக் கையால் தாங்கிக்கொண்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். இடுக்கில் மெல்லிய அட்டைத் துண்டு இருந்தால் அது கோணம் சரிசெய்ய வைத்தது, அதே இடத்தில் திரும்ப வையுங்கள். பாடியின் பள்ளத்தில் மற்ற இடத்தைவிட வேறு நிறம் கீழே தெரிந்தால் கிட்டாருக்கு மறுபடி வண்ணம் அடித்திருக்கிறார்கள்.

திரும்பப் பூட்டும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். பழைய மரையில் 'டக்' என்று விழும். அங்கிருந்து முறுக்கத் தொடங்கினால் மரத்தில் புதிய மரை வெட்டாது.

10. ஃப்ரெட், நட், வண்ணம்

ஃப்ரெட் தேய்மானப் பொருள், மாற்றியிருப்பது குற்றமல்ல. தெரிந்து வாங்கினால் போதும். ஓரப்பட்டை உள்ள கிப்ஸனில் தொழிற்சாலை ஃப்ரெட்டின் இரு முனையிலும் பட்டையின் பிளாஸ்டிக் சிறு மேடாக ஏறியிருக்கும். ஃப்ரெட் மாற்றும்போது அந்த மேடு பொதுவாகப் போய்விடும், ஃப்ரெட் பட்டையின் மேல் வரை நீளும். வார்னிஷ் அடித்த மேப்பிள் நெக்கில் ஃப்ரெட்டின் ஓரத்தில் வார்னிஷ் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்தால் பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) வார்னிஷ் மஞ்சள்பச்சையாக ஒளிரும், பின்னால் தொட்ட இடம் திட்டாக வேறுபடும். ஹெட்ஸ்டாக் பாடியைவிட வேறாக ஒளிர்ந்தால் உடைந்து ஒட்டியதா என்று தேடுங்கள். அசிட்டோன் தொட்டு வார்னிஷைச் சோதிக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவர் கிட்டாரில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், நைட்ரோ கரைந்துவிடும்.

11. பட்டியலை முடித்துப் பேசுங்கள்

முதல் படியில் எழுதிய பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே நான்கில் ஒன்றை எழுதுங்கள்: அசல், அதே காலத்துப் பாகம், மாற்றியது, சான்று போதவில்லை. கடைசி வகையை 'அசல்' என்று ஆக்கிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும், பிடித்த நிறத்தில் கிட்டார் கையில் இருக்கும்போது இன்னும் அதிகமாக. அதை அப்படியே விட்டு, விலை பேசும்போது மாற்றியதாகவே கணக்கிடுங்கள்.

மாற்றங்களை இரண்டாகப் பிரிப்பது நல்லது. மரத்தைத் தொடாத மாற்றங்களான பிக்கப், பாட், நாப், துளை பெரிதாக்காத ட்யூனர் போன்றவற்றைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். வாசிக்க வாங்குபவருக்கு இவை லாபமாகக்கூட இருக்கும். துளைத்தது, குடைந்தது, வண்ணம் மாற்றியது இவற்றுக்குத் திரும்புதல் இல்லை. விலை முக்கியமாக இறங்க வேண்டியது இங்கேதான்.

கடைசியாக விற்பவரிடம், "கழற்றிய பழைய பாகங்கள் வீட்டில் எங்காவது இருக்கின்றனவா?" என்று கேளுங்கள். கேட்காமல் விடுபவர்களே அதிகம். கிட்டார் பெட்டியின் அடியிலோ மேஜை டிராயரிலோ ஒரு கவரில் அசல் ட்யூனர்கள் ஆறும் கிடந்ததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். கிடைத்தால் எந்தக் கிட்டாரிலிருந்து வந்தவை என்று கவரின் மேல் சீரியல் எண்ணோடு எழுதி, எடுத்த படங்களோடு சேர்த்து வையுங்கள்.